என்கிளெக்ஸ் தேர்வும் அச்சமும்: செவிலியர்களுக்கு ஒரு திறந்த மடல்

வார்டு வேலைக்கு நடுவே என்கிளெக்ஸ் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் தமிழ்நாட்டுச் செவிலியர்களுக்கு இந்த மடல்.

என்கிளெக்ஸ்-ஆர்.என். என்பது அமெரிக்காவில் பதிவுபெற்ற செவிலியராகப் பணியாற்ற எழுத வேண்டிய உரிமத் தேர்வு. சிகாகோவைத் தலைமையிடமாகக் கொண்ட செவிலியர் வாரியங்களின் தேசிய மன்றம் இதை உருவாக்கி நடத்துகிறது. உரிமத்தை வழங்குவது அந்தந்த மாநிலத்தின் செவிலியர் வாரியம். கனடாவின் பெரும்பாலான மாகாணங்கள் 2015 முதல் இதே தேர்வை ஏற்றுக்கொண்டன. வெளிநாட்டில் படித்து ஆஸ்திரேலியாவில் பதிவு செய்ய விரும்பும் செவிலியரில் பலரும் 2020 முதல் இதை எழுத வேண்டியிருக்கிறது. சென்னையிலேயே தேர்வு மையம் இருப்பதால், விமானம் ஏறாமலே எழுதலாம்.

அமெரிக்காவில் படித்து முதல் முறை எழுதுவோரின் தேர்ச்சி விகிதத்தைவிட, பிற நாடுகளில் படித்து முதல் முறை எழுதுவோரின் விகிதம் ஆண்டுதோறும் தெளிவாகக் குறைவாகவே இருக்கிறது. செவிலியப் பணியின் அறிவோ அனுபவமோ குறைவு என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. இரவும் பகலும் நாற்பது ஐம்பது நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு ஸ்டாஃப் நர்ஸுக்கு அனுபவம் போதாது என்று யாரும் சொல்ல முடியாது. தேர்வு இயங்கும் முறை புதியது. அது எதிர்பார்க்கும் சிந்தனை முறையும் புதியது. இந்த இரண்டும் தெரியாமல் போய் உட்காரும்போது பதற்றம் வருகிறது. ஆகவே தேர்வின் இயக்கத்தைப் புரிந்துகொள்வது பாடத்தைப் படிப்பதற்கு இணையான ஆயத்தம். பதற்றத்துக்கு முதல் மருந்தும் அதுதான்.

தேர்வு இயங்கும் முறை

தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் படிப்பவர்கள் பல்கலைக்கழகத் தேர்வில் நீண்ட விடைகளும் சிறு குறிப்புகளும் எழுதிப் பழகியவர்கள். வரையறை, காரணங்கள், அறிகுறிகள், சிகிச்சை, செவிலியர் பராமரிப்பு என்று வரிசையாக எழுதினால் மதிப்பெண் வரும். பாதி மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி. அதன்பின் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு செய்துகொண்டு பணிக்குச் செல்கிறார்கள். உரிமத்துக்கென்று தனித் தேர்வு எதையும் அவர்கள் சந்தித்ததில்லை. அப்படி வருபவர்களில் பலருக்கு என்கிளெக்ஸ்தான் முதல் உரிமத் தேர்வு. விடைக்கு ஏற்ப வினாவை மாற்றும் கணினித் தேர்வையும் அங்கேதான் முதன்முதலாகப் பார்க்கிறார்கள்.

1994 முதல் என்கிளெக்ஸ் இந்த முறையில் நடக்கிறது. ஒரு வினாவுக்குச் சரியாக விடையளித்தால் அடுத்தது சற்றுக் கடினமாகவும், தவறினால் சற்று எளிதாகவும் வரும். ஒவ்வொரு விடைக்குப் பிறகும் தேர்வரின் திறன் எந்த அளவில் இருக்கிறது என்று கணினி மறுபடி கணக்கிடுகிறது. அந்த மதிப்பீட்டுக்கு நெருக்கமான கடினத்தில், அதாவது தேர்வர் சரியாகச் சொல்லவும் தவறவும் ஏறக்குறைய சம வாய்ப்புள்ள வினாவை அடுத்ததாகத் தேர்ந்தெடுக்கிறது. உயரம் தாண்டும் பயிற்சியில் ஒருவர் தாண்டத் தாண்டக் கம்பை உயர்த்துவதும், தட்டிவிட்டால் சற்றே தாழ்த்துவதும் போன்றது இது. அவர் எந்த உயரத்தில் பாதி முறை தாண்டுகிறாரோ, அதுவே அவருடைய திறன். அந்தத் திறன் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்பது மட்டுமே தேர்வின் கேள்வி.

இதிலிருந்து தவிர்க்க முடியாத ஒரு விளைவு உண்டு. நன்கு படித்தவரும் சுமாராகப் படித்தவரும் ஏறக்குறைய பாதி வினாக்களில் தவறுவார்கள். கெட்டிக்காரருக்கு வரும் வினாக்கள் கடினமானவை. அதனால் அவருக்கும் ஒவ்வொரு வினாவிலும் சந்தேகம் இருக்கும். பள்ளியிலும் கல்லூரியிலும் எண்பது தொண்ணூறு மதிப்பெண் வாங்கிப் பழகியவருக்கு, இரண்டு வினாவில் ஒன்று தெரியவில்லை என்ற நிலை தோல்வியாகவே படும். தேர்வு முடிந்து வெளியே வந்து, ‘போச்சு, எதுவுமே சரியா போடல’ என்று அழுதவர்களில் பலர் தேர்ச்சி பெற்றிருக்கிறார்கள். தோற்றுவிட்டோம் என்ற அந்த உணர்வு தேர்வின் அமைப்பிலிருந்தே பிறக்கிறது. முடிவு என்னவென்று அது ஒருபோதும் காட்டாது.

வினா எண்ணிக்கையைப் பற்றியும் தவறான நம்பிக்கைகள் நிறைய. 2023 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்த புதிய வடிவத்தில் குறைந்தது 85 வினாக்கள், அதிகம் 150. மொத்தம் 5 மணி நேரம். முதல் 85இல் 15 வினாக்கள் எதிர்காலத் தேர்வுகளுக்காகச் சோதித்துப் பார்க்கப்படுபவை. அவற்றுக்கு மதிப்பெண் இல்லை. எவை அவை என்று தேர்வருக்குத் தெரியாது. தேர்வரின் திறன் கோட்டுக்கு மேலே, அல்லது கீழே, இருக்கிறது என்று 95 விழுக்காடு உறுதியாகச் சொல்ல முடிகிற இடத்தில் கணினி நின்றுவிடும். அப்படிச் சொல்ல முடியாதவரை வினாக்கள் தொடரும். ஆகவே 85இல் திரை நின்றால் தேர்ச்சி என்றோ தோல்வி என்றோ பொருள் இல்லை. 86ஆவது வினா வந்தால், முடிவு இன்னும் எட்டப்படவில்லை என்று மட்டுமே பொருள். 150 வரை சென்றவர், கடைசி வினாவரை கோட்டுக்கு அருகிலேயே நின்று போராடியவர். அவருடைய இறுதி மதிப்பீடு கோட்டுக்கு மேலே இருந்தால் தேர்ச்சி.

நேரம் தீர்ந்துவிட்டால் என்ன ஆகும் என்பதையும் அறிந்திருப்பது நல்லது. 85 வினாவைக்கூட முடிக்காதவர் தேர்ச்சி பெற முடியாது. அதைத் தாண்டியவருக்கு, அதுவரை அளித்த விடைகளின் இறுதி மதிப்பீட்டை வைத்து முடிவு செய்யப்படும். 150 வினாவையும் எழுத நேர்ந்தாலும் வினாவுக்குச் சராசரியாக 2 நிமிடம் கிடைக்கிறது. ஆகவே கடைசியில் அவசர அவசரமாக ஏதோ ஒன்றைத் தொட்டுவிட்டுப் போவது தேர்வருக்கே கேடு: தொடர்ந்து வரும் தவறான விடைகள் மதிப்பீட்டைக் கீழே இழுத்துவிடும்.

வினா வகைகள்

எல்லோருக்கும் மூன்று நோயாளிக் கதைகள் கட்டாயம் வரும். ஒவ்வொன்றிலும் நோயாளியின் குறிப்பேடு, பரிசோதனை முடிவுகள், செவிலியர் பதிவுகள் ஆகியவற்றைக் காட்டி 6 வினாக்கள் கேட்பார்கள். அந்த 6 வினாக்களும் ஒரு செவிலியர் சிந்திக்க வேண்டிய 6 படிகளைப் பின்பற்றுகின்றன: முக்கியமான அறிகுறிகளைக் கண்டுகொள்வது, அவற்றைத் தொடர்புபடுத்துவது, என்ன சிக்கல் என்று முன்னுரிமைப்படுத்துவது, செய்யக்கூடியவற்றை யோசிப்பது, செயல்படுவது, பலன் கிடைத்ததா என்று பார்ப்பது.

பிரசவ வார்டில் பணியாற்றியவர் எவரும் இந்த 6 படிகளையும் கையாலேயே செய்திருப்பார். பிரசவமாகி 2 மணி நேரம் ஆன தாய். கால் மணி நேரத்தில் ஒரு பேட் முழுதும் நனைந்துவிட்டது. நாடித்துடிப்பு 118, பி.பி. 94/56. கருப்பை தொப்புளுக்கு மேலே, வலப்பக்கம் ஒதுங்கி, தொட்டால் மெத்தென்று இருக்கிறது. இவை அறிகுறிகள். கருப்பை ஒருபக்கம் ஒதுங்கியிருப்பதால் சிறுநீர்ப்பை நிறைந்திருக்கக்கூடும். அது கருப்பையைச் சுருங்கவிடாமல் தடுக்கிறது என்பது தொடர்பு. கருப்பை சுருங்காததால் இரத்தப்போக்கு என்பது முன்னுரிமைச் சிக்கல். கருப்பையை மேலிருந்து தேய்த்துவிடுவது, சிறுநீரை வெளியேற்றுவது, உத்தரவுப்படி ஆக்சிடோசின் தருவது, மருத்துவருக்குத் தெரிவிப்பது ஆகியவை வழிகள். இவற்றில் கை முதலில் செல்ல வேண்டியது கருப்பையைத் தேய்க்கும் செயலுக்கு. கருப்பை கெட்டிப்பட்டு, போக்குக் குறைந்து, நாடி இறங்கினால் பலன் கிடைத்துவிட்டது. தேர்வு கேட்பது இவ்வளவுதான். கை அறிந்ததைப் படிப்படியாகப் பிரித்துச் சொல்லும் பழக்கம் மட்டும் புதிதாக வேண்டும்.

பொருந்துவன அனைத்தையும் தேர்ந்தெடு என்ற வகை வினாவே பலருக்கும் பெரிய அச்சம். முன்பு ஒரு தெரிவு தவறினாலும் முழு வினாவும் போய்விடும். புதிய வடிவத்தில் பகுதி மதிப்பெண் உண்டு. இவ்வகையில் சரியான தெரிவுக்கு மதிப்பெண் கூடும், தவறான தெரிவுக்குக் குறையும். ஒரு வினாவின் மதிப்பெண் பூஜ்யத்துக்குக் கீழே போகாது. எனவே எல்லாவற்றையும் தொட்டுவைப்பது பயன் தராது. ஒவ்வொரு தெரிவையும் தனித்தனியாக ‘இது சரியா, தவறா’ என்று எடைபோடுவதே முறை.

இங்கே செய்வதும் அங்கே கேட்பதும்

தமிழ்நாட்டு மருத்துவமனையில் சரியாகச் செய்யும் சில செயல்கள் இந்தத் தேர்வில் தவறான விடைகள் ஆகும். இந்த வேறுபாடுகளைப் பட்டியலிட்டுக் கொள்வது பல மாதப் படிப்புக்குச் சமம்.

முதலாவது, நோயாளியிடம் பேசும் முறை. அறுவைக்கு முந்தைய இரவு ஓர் அம்மா, ‘பயமா இருக்கு சிஸ்டர்’ என்றால், ‘கவலைப்படாதீங்கம்மா, எல்லாம் நல்லபடியா முடியும்’ என்பது இங்கே அன்பான பதில். என்கிளெக்ஸில் அது பொய்யான உறுதி, தவறான விடை. ‘எதை நினைச்சா பயமா இருக்கு, சொல்லுங்க’ என்று நோயாளியைப் பேசவைக்கும் தெரிவே சரி. அறிவுரை சொல்வது, ‘ஏன் அப்படி நினைக்கிறீங்க’ என்று காரணம் கேட்பது, பேச்சை மாற்றுவது ஆகியவையும் பெரும்பாலும் தவறான தெரிவுகளே.

இரண்டாவது, குடும்பத்தின் இடம். இங்கே புற்றுநோய் என்ற செய்தியை முதலில் மகனிடமோ கணவரிடமோ சொல்வது வழக்கம். அமெரிக்காவில் நோய்த் தகவல் நோயாளிக்கு உரியது. அவர் சம்மதம் இல்லாமல் உறவினரிடம் பேசுவது சட்டமீறல் ஆகலாம். இங்கே குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் கூட இருக்கும் அட்டெண்டரின் வேலை. அங்கே அது செவிலியரும் நர்சிங் உதவியாளரும் பகிர்ந்துகொள்ளும் வேலை.

அதனால்தான் மூன்றாவதாக, வேலையைப் பிரித்துக் கொடுப்பது குறித்த வினாக்கள் அதிகம் வருகின்றன. நிலையான நோயாளிக்குக் குளியல், நடக்கத் துணை, வெப்பநிலை அளத்தல் போன்றவற்றை உதவியாளரிடம் விடலாம். நோயாளியை மதிப்பிடுவது, கற்பிப்பது, பலனை ஆராய்வது ஆகிய மூன்றையும் பதிவுபெற்ற செவிலியர் பிறரிடம் விடக் கூடாது. இந்த ஒரு விதியை மனத்தில் நிறுத்தினாலே இவ்வகை வினாக்களில் பெரும்பகுதி தெளிவாகிவிடும்.

நான்காவது, முன்னுரிமை. நான்கு நோயாளிகள்: உணவுக்கு முன் சர்க்கரை 180 உள்ள நீரிழிவுக்காரர், குடல்வால் அறுவைக்குப்பின் வலி பத்துக்கு ஆறு என்பவர், தைராய்டு அறுவை முடிந்து மூச்சை உள்ளிழுக்கும்போது கீச்சென்ற ஒலி எழுப்புபவர், இதயச் செயலிழப்பால் கணுக்கால் வீங்கியவர். முதலில் பார்க்க வேண்டியவர் மூன்றாமவர்; அவருடைய மூச்சுப்பாதை அடைபடத் தொடங்கியிருக்கலாம். மூச்சுப்பாதை, மூச்சு, இரத்த ஓட்டம் என்ற வரிசை. நாள்பட்ட சிக்கலுக்கு முன் புதிதாக வந்த சிக்கல். எதிர்பார்த்த அறிகுறிக்கு முன் எதிர்பாராதது. செயலுக்கு முன் மதிப்பீடு, உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தால் மட்டும் செயலே முதலில். முன்னுரிமை வினாக்கள் பெரும்பாலும் இந்த விதிகளுக்குள் அடங்கிவிடுகின்றன.

ஐந்தாவது, மருந்துப் பெயர்கள். தேர்வில் பெரும்பாலும் மருந்தின் பொதுப்பெயரே வரும், அதுவும் அமெரிக்கப் பெயர். நாம் பாராசிட்டமால் என்பது அங்கே அசிட்டமினோஃபென்; சால்பியூட்டமால் அல்பியூட்டரால்; அட்ரினலின் எபிநெஃப்ரின்; பெத்திடின் மெபெரிடின்; லிக்னோகெய்ன் லிடோகெய்ன். எடை பவுண்டில் கொடுக்கப்பட்டால் 2.2ஆல் வகுத்துக் கிலோவாக்கிய பிறகே மருந்தளவைக் கணக்கிட வேண்டும். தொற்றுத் தடுப்பிலும் இங்கே இடநெருக்கடியால் விட்டுவிடும் விதிகள் அங்கே உறுதியானவை. காசநோய், தட்டம்மை, சின்னம்மை ஆகியவற்றுக்கு எதிர்மறை அழுத்தத் தனி அறையும் என்95 முகக்கவசமும் வேண்டும்.

படிக்கும் முறை

தேர்வின் பாடத்திட்டம் பொதுவில் கிடைக்கிறது. அதில் பராமரிப்பு மேலாண்மை, மருந்துகள், உடல்நிலை மாற்றங்கள் ஆகிய பகுதிகளுக்கு இடம் அதிகம். மனநலம், ஆரோக்கிய மேம்பாடு, அடிப்படைப் பராமரிப்பு ஆகியவை ஒவ்வொன்றுக்கும் 6 முதல் 12 விழுக்காடு. தடித்த புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்க முயல்பவர், பாதியில் களைத்துவிடுகிறார். முன்னர் படித்ததும் அதற்குள் மறந்துவிடுகிறது.

ரோடிகர், கார்பிக்கி ஆகிய இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு இங்கே வழிகாட்டும். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாக நினைவுகூர்ந்தார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, படித்ததைத் தாங்களே சோதித்துக்கொண்டவர்கள்தான் அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். திரும்பப் படிக்கும்போது தெரிந்தது போன்ற உணர்வு வருகிறது; விடை சொல்லிப் பார்க்கும்போதுதான் அறிவு நிலைக்கிறது. ஆகவே ஆயத்தத்தின் மையம் வினா வங்கியாக இருக்க வேண்டும். புத்தகம் அதற்குத் துணை.

வேலை பார்த்துக்கொண்டே படிப்பவருக்கு, நாளொன்றுக்கு 40 முதல் 50 வினாக்கள் போதும். வினாக்களுக்கு ஒரு மணி நேரம் ஆனால், விளக்கங்களைப் படிக்க இன்னும் இரண்டு மணி நேரம் ஒதுக்க வேண்டும். சரியாகப் போட்ட வினாவின் விளக்கத்தையும் படிக்க வேண்டும். காரணம் தெரியாமல் சரியாகப் போட்டது தேர்வறையில் கைகொடுக்காது. தவறியவற்றை ஒரு நோட்டில் குறித்து, அருகில் தவறின் வகையை எழுத வேண்டும்: பாடம் தெரியவில்லை, வினாவைச் சரியாகப் படிக்கவில்லை, முன்னுரிமை தவறியது, சரியான விடையை மாற்றியது. மூன்று வாரத்தில் ஒரு வடிவம் தெரியத் தொடங்கும். வினாவை அவசரமாகப் படிப்பதால் தவறுபவருக்கு மேலும் மருந்தியல் படித்துப் பயனில்லை. அவர் நிதானமாக வாசிக்கப் பழக வேண்டும்.

நைட் டியூட்டி முடிந்து வரும் காலையில் புதிய பாடம் ஏறாது. அந்த நாளில் தூங்கி எழுந்து, பழைய தவறுகளின் நோட்டை மட்டும் புரட்டினால் போதும். புதிய பாடத்துக்கு வார ஓய்வு நாள் இருக்கிறது. கடைசி மாதத்தில் இருமுறையாவது, தொடர்ந்து ஐந்து மணி நேரம் நாற்காலியில் அமர்ந்து முழு மாதிரித் தேர்வு எழுத வேண்டும். தேர்வறையில் மூன்றாவது மணி நேரத்தில் வரும் களைப்பை வீட்டிலேயே சந்தித்தவருக்கு அது புதிதாக இருக்காது.

‘உண்மையான வினாக்கள் எங்களிடம் இருக்கின்றன’ என்று விற்பவர்களிடமிருந்து விலகியிருக்க வேண்டும். தேர்வின் உள்ளடக்கத்தை வெளியிட மாட்டேன் என்று ஒவ்வொரு தேர்வரும் ஒப்புதல் தருகிறார். மீறினால் முடிவு ரத்தாகலாம், உரிமமும் மறுக்கப்படலாம். ஆயிரக்கணக்கான வினாக்களிலிருந்து ஆளுக்கு ஆள் வேறாக வரும் தேர்வில் மனப்பாடம் செய்த வினாக்களால் பயனும் இல்லை.

பதற்றம் எங்கே தாக்குகிறது

தேர்வுப் பதற்றத்தில் இரண்டு கூறுகள் உண்டு என்று லீபர்ட், மாரிஸ் ஆகிய உளவியலாளர்கள் 1967இல் பிரித்துக் காட்டினார்கள். ஒன்று உடலின் கிளர்ச்சி: நெஞ்சு படபடப்பது, கை வியர்ப்பது, வயிறு கலங்குவது. மற்றொன்று மனத்தின் கவலை: ‘தோத்துட்டா என்ன பண்றது, கடனை எப்படி அடைக்கிறது, ஊர்ல என்ன சொல்லுவாங்க’ என்ற ஓட்டம். மதிப்பெண்ணை அதிகம் குறைப்பது இரண்டாவது. ஒரு வினாவைப் படித்து நான்கு தெரிவுகளை ஒப்பிட மனம் தற்காலிக நினைவிடத்தைப் பயன்படுத்துகிறது. அந்த இடம் சிறியது. கவலை அதில் பாதியைப் பிடித்துக்கொண்டால், தெரிந்த விடையும் நினைவுக்கு வராது.

உடலின் கிளர்ச்சி அவ்வளவு ஆபத்தானது அல்ல. படபடப்பு என்பது உடல் வேலைக்குத் தயாராகும் அடையாளம். அவசர சிகிச்சைப் பிரிவில் இதயம் நின்ற நோயாளி வரும்போது செவிலியருக்கும் அதே படபடப்புதான் வருகிறது, அது அவர் கையை நிறுத்துவதில்லை. ஆய்வாளர் அலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வில், ‘நான் உற்சாகமாக இருக்கிறேன்’ என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டவர்கள், அமைதியாக இருக்க முயன்றவர்களைவிட மேடைப் பேச்சிலும் கணக்கிலும் சிறப்பாகச் செய்தார்கள். படபடப்பை அடக்க முயல்வதைவிட அதற்கு வேறு பொருள் தருவது எளிது.

கவலையைக் குறைக்க எழுத்து உதவுகிறது. ரமீரஸ், பெய்லாக் ஆகிய உளவியலாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், தேர்வுக்குச் சற்று முன் பத்து நிமிடம் தங்கள் அச்சங்களைத் தாளில் எழுதிய பதற்றக்கார மாணவர்களின் மதிப்பெண் உயர்ந்தது. தேர்வுக்குக் கிளம்பும் காலையில், மனத்தில் ஓடுவதை எல்லாம் தமிழில் ஒரு தாளில் கொட்டிவிட்டுக் கிழித்துப் போடலாம். மூச்சுப் பயிற்சியைச் செவிலியருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பிரசவ வலியில் இருக்கும் தாய்க்கு அவர்கள் சொல்லிக்கொடுப்பதுதான். நான்கு எண்ணும்வரை உள்ளிழுத்து ஆறு எண்ணும்வரை விட்டால், நிமிடத்துக்கு ஆறு மூச்சு, நாடி இறங்கும். இதைத் தேர்வறையில் முதன்முதலாகச் செய்தால் பலன் குறைவு. ஒவ்வொரு மாதிரித் தேர்விலும், இருபத்தைந்து வினாவுக்கு ஒருமுறை கண்ணை மூடி மூன்று மூச்சு விட்டுப் பழக வேண்டும்.

வீட்டிலிருந்து வரும் அழுத்தத்துக்கும் திட்டம் வேண்டும். ‘பரீட்சை எப்போ’, ‘ரிசல்ட் வந்துச்சா’ என்று தெருவே கேட்கும் நிலையில் படிப்பது கடினம். தேதியை ஓரிருவரிடம் மட்டும் சொல்லிவைத்தால் போதும். குடும்பத்தினருக்கும் ஒரு வேண்டுகோள்: இந்தத் தேர்வை மறுபடி எழுத முடியும். கடனையும் கல்யாணத்தையும் ஒரே நாளின் முடிவோடு கட்டிவைப்பது, எழுதுபவரின் தற்காலிக நினைவிடத்தில் உட்கார்ந்துகொள்வதற்குச் சமம்.

வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, திடீர் திடீரென்று மூச்சுமுட்டல் வருகிறது, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் தோன்றுகிறது என்றால், அது தேர்வுப் பதற்றத்தின் எல்லையைத் தாண்டிவிட்டது. மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். டெலி மானஸ் மனநல உதவிச் சேவையின் இலவசத் தொலைபேசி எண் 14416இல் தமிழிலும் பேசலாம். வார்டில் மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால், படபடப்புக்கு ப்ரோப்ரனலோலோ தூக்கத்துக்கு அல்ப்ரசோலமோ தாமே எடுத்துக்கொள்ளும் ஆசை வரக்கூடும். அது கூடாது. ஆஸ்துமா உள்ளவருக்கு முதல் மருந்து ஆபத்து. இரண்டாவது நினைவையும் விழிப்பையும் குறைக்கும், பழக்கமாகவும் மாறும்.

தேர்வு நாள்

மாநில வாரியம் தகுதியை உறுதிசெய்த பிறகு தேர்வுக்கான அனுமதிக் கடிதம் வரும். அது பொதுவாக 90 நாள் அளவில் செல்லும். அதற்குள் தேதி எடுத்து எழுதிவிட வேண்டும்; காலாவதியானால் மறுபடி பதிவு, மறுபடி கட்டணம். தேர்வுக் கட்டணம் 200 டாலர். அமெரிக்காவுக்கு வெளியே எழுத 150 டாலர் கூடுதல்.

தமிழருக்கென்றே ஒரு எச்சரிக்கை: பெயர். மதிப்பெண் பட்டியலில் முன்னெழுத்தோடு ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை விரித்து வேறொரு பெயர் என்றிருப்பது நம்மிடம் சாதாரணம். அனுமதிக் கடிதத்தில் உள்ள பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளதோடு பொருந்தாவிட்டால் மையத்தில் உள்ளே விடமாட்டார்கள், கட்டணமும் போய்விடும். பதிவு செய்யும் அன்றே பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயரை எழுதினால் இந்தத் துயரம் இல்லை.

தேர்வுக்கு முந்தைய நாள் புத்தகத்தை மூடிவைத்து நன்றாகத் தூங்குவது, கடைசி இரவில் படிக்கும் நூறு பக்கத்தைவிடப் பயன்தரும். அதற்கு முந்தைய சில நாள்களில் நைட் டியூட்டி இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அரை மணி நேரம் முன்னதாக மையத்தில் இருக்க வேண்டும். உள்ளங்கைச் சிரை வருடல், புகைப்படம், கையொப்பம் முடிந்த பிறகு அழிக்கத்தக்க பலகை ஒன்று தருவார்கள். கணிப்பான் திரையிலேயே இருக்கும். விடையளிக்காமல் அடுத்த வினாவுக்குப் போகவும், முந்தைய வினாவுக்குத் திரும்பவும் முடியாது. அது ஒரு விதத்தில் நன்மை: கடந்துபோன வினாவைப் பற்றி இனி செய்ய ஒன்றும் இல்லை. 2 மணி நேரத்துக்குப் பிறகு ஓர் இடைவேளையும், 3.5 மணி நேரத்துக்குப் பிறகு மற்றொன்றும் எடுக்கலாம். அந்த நேரம் 5 மணி நேரத்திலிருந்துதான் கழியும். ஆனாலும் முகம் கழுவி, தண்ணீர் குடித்துவிட்டு வருவது நேர விரயம் ஆகாது.

முடிவுக்குப் பின்

அதிகாரபூர்வ முடிவு மாநில வாரியத்திலிருந்து வரும். ஆறு வாரம் வரை ஆகலாம். தேர்ச்சி பெற்றவருக்கு மதிப்பெண் எதுவும் தரப்படுவதில்லை. 85இல் முடித்தவருக்கும் 150இல் முடித்தவருக்கும் கிடைப்பது ஒரே உரிமம்.

தேர்ச்சி பெறாதவருக்கு ஓர் அறிக்கை வரும். பாடத்திட்டத்தின் ஒவ்வொரு பகுதியிலும் அவர் கோட்டுக்கு மேலா, அருகிலா, கீழா என்று அது காட்டும். அதைக் கோபத்தில் தூக்கி எறியாமல் வைத்துக்கொண்டால், அடுத்த ஆயத்தத்தின் அட்டவணை அதிலேயே இருக்கிறது. கீழே என்ற பகுதிகளுக்கு முதல் இடம், அருகில் என்றவற்றுக்கு அடுத்த இடம். 45 நாள் கழித்து மறுபடி எழுதலாம். எத்தனை முறை எழுதலாம் என்பதில் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறுபடும். முதல் முறை தவறி அடுத்த முறை தேர்ச்சி பெற்ற செவிலியருக்குக் கிடைக்கும் உரிமத்திலும் அந்தத் தவறு எங்கும் எழுதப்பட்டிருக்காது.

செவிலியர்களிடம் இந்த மடல் வைக்கும் வேண்டுகோள் இதுதான்: வினாக்களை எழுதிப் பார்த்துப் படியுங்கள், தூங்குங்கள், பெயரைச் சரிபாருங்கள். தேர்வறையில் ‘தோற்றுக்கொண்டிருக்கிறேன்’ என்று மனம் சொல்லும்போது, அது எல்லோருக்கும் தோன்றும்படி அமைந்த தேர்வு என்பதை நினைவில் வையுங்கள். திரை தானாக நிற்கும்வரை, எதிரே இருக்கும் ஒரு வினாவுக்கு மட்டும் விடை சொல்லுங்கள்.